கடைசி முக்கால் நிமிடம்

ஜபருல்லாவின் பெயர் போட்ட இசைத்தட்டுகள் மொத்தம் ஆறு. ஆறும் தன்னிடம் இருப்பதாகப் பீற்றிக்கொள்ளாத ஆள் பினாங்கில் குறைவு. ஆனால் அவன் கித்தார் முதன்முதலில் பதிவானது அந்த ஆறில் சேராத வேறொரு தட்டில். அதன்மேல் இருப்பது தனலெட்சுமி என்கிற என் பெயர்.

அப்போது நான் நாடகக் கொட்டகையில் பாடிக்கொண்டிருந்தேன். குரலும் இருந்தது, அதைவிடக் கூடுதலாகத் திமிரும் இருந்தது. ஜபருல்லா ஊமைப் படங்களுக்குத் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தவன். மணிலாவிலிருந்து வந்த வாத்தியக்காரர்களோடு பழகி ஜாஸ் கற்றுக்கொண்டான். படம் பேச ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்புப் போனது. பிறகு வெள்ளைக்காரர்கள் ஜோடி போட்டு ஆடுகிற ஓட்டலில் வேலை கிடைத்தது. அங்கே ஊதுகுழல்காரர்கள் நாலு பேருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவன் விரல் அசைவது தெரியும், சத்தம் கேட்காது. அதற்கே தலையில் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போவான்.

முப்பத்து நாலாம் வருஷம் பாட்டுப் பதிகிற கம்பெனி ஒன்று சிங்கப்பூரிலிருந்து வந்தது. அதன் பினாங்கு ஏஜெண்டு காஜா மொய்தீன் என்னைப் பாட அழைத்தார். பக்கவாத்தியத்துக்கு ஜபருல்லாவை நான்தான் கூட்டிப்போனேன். என் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்மோனியக்காரருக்கு அன்று காய்ச்சல்.

மாடி அறையில் ஜன்னல்களை அடைத்து, சத்தம் போடுமென்று விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால், பாட்டைப் பதிகிற மெழுகுத் தட்டில் ஊசி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அது அணைகிறவரை நிறுத்தக்கூடாது, இருமக்கூடாது. வேர்த்துக் கொட்டியதில் எனக்குக் கடைசிச் சரணம் மறந்தே போனது. எத்தனையோ மேடையில் பாடிய பாட்டு. பல்லவியைத் திருப்பிப் பாடி முடித்துவிட்டு நிமிர்ந்தால் விளக்கு இன்னும் எரிகிறது, மெழுகு சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஜபருல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மறந்த சரணத்தைக் கித்தாரில் எடுத்தான். முதல் வரியை நான் பாடுகிறபடியே வாசித்தான். இரண்டாவது வரியில் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கினான். தவறவிட்டான் என்று நான் பதறும்போதே முந்திக்கொண்டு போய் நின்றான். ஒரு ஸ்வரத்தை வளைத்தான், எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததை வளைத்தான், அழுகை வந்தது. மொத்தம் முக்கால் நிமிடம். விளக்கு அணைந்ததும், பதிவு செய்த வெள்ளைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார்.

அப்படியொரு வாசிப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அதை அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தட்டு கடைகளுக்கு வந்தது. ஒரு நாள் காலை கடைத்தெருவில் ரிக்‌ஷாவில் போகும்போது பக்கிரிசாமி அண்ணன் கோப்பிக் கடையில் என் பாட்டு ஆரம்பித்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். முதல் வரி முடிவதற்குள் யாரோ ஊசியைத் தூக்கிக் கடைசியில் வைத்தார்கள். கித்தார் வாசிப்பு முடிந்ததும் மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்கள். என் குரலைக் கேட்க அங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை. வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். அதன் பிறகு ஜபருல்லாவை எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்ன தப்புச் செய்தோம் என்று அவனுக்குத் தெரியாது.

மறு வருஷம் கம்பெனி திரும்ப வருகிறது என்றார்கள். ஜபருல்லா தன் பெயரில் ஒரு தட்டு கேட்டுப் போனான். காஜா மொய்தீன் முடியாதென்று சொல்லிவிட்டார். ஓட்டலிலும் ஆட்களைக் குறைத்தார்கள். சுங்கை பாக்காப் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை கிளம்புகிறேன், கித்தாரை ஒருவருக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான்.

“உங்க பாட்டுல வாசிச்சாச்சுக்கா. அது போதும்லா,” என்றான்.

போதாது என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான். அவன் போனதும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் பக்கிரிசாமி அண்ணனிடம் அந்தத் தட்டை இரவல் வாங்கிக்கொண்டு காஜா மொய்தீன் கடைக்குப் போனேன். கித்தாரை மட்டும் யார் வாங்குவார்கள் என்று அவர் ஆரம்பிக்கும்போதே தட்டை மேசைமேல் வைத்தேன். நான் பாடிய இடமெல்லாம் கறுப்பாகப் பளபளத்தது. கடைசி ஒரு விரல் அகலம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. உள்வட்டம் எப்போதுமே சீக்கிரம் தேயும் என்றார். தட்டைத் திருப்பிக் காட்டினேன். அந்தப் பக்கம் அப்படித் தேயவில்லை. தாடியைத் தடவிக்கொண்டார்.

“கோப்பிக் கடையில ஒரு தட்டு வாங்கினா ஊரே ஓசியில கேக்கும்மா. காசு குடுத்து வாங்கி, வீட்டுல வச்சுக் கேக்குற ஆளு ஒருத்தரைக் காட்டுங்க, பாப்போம்.”

இதைக் கேட்டுவிடக் கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். கேட்டுவிட்டார். பையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து நீட்டினேன்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். என் குரல் இருந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முக்கால் நிமிடம் இருந்த இடம் வெளுத்தே போயிருந்தது.

“இது யாரு தட்டு?”

“என்னோடது. நீங்க குடுத்தது தேஞ்சு போச்சு. இது ரெண்டாவது, கடையில வாங்கினது.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், தட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“தட்டுல அவன் பேர எப்படிப் போடணும்?”

“பெரிசா போடுங்க,” என்றேன்.