சஹனைச் சுற்றி

பெருநாளுக்கு வரும் சொந்தம் அத்தனையும் உட்காரணுமே என்று நானும் என் வீட்டுக்காரர் ஆரிப்பும் காலையிலேயே ஹாலில் சோபாக்களை இழுத்துச் சுவரோரம் வரிசையாகப் போட்டோம். வந்தவர்களோ சஹன் தட்டுகளைத் தரையில் வைத்ததும், தட்டுக்கு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து பிரியாணியில் கைவைத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு போனதுதான் மிச்சம்!

ஃபேன் காற்றில் திரைச்சீலை உப்பி உப்பி அடங்கியது. பிரியாணி ஆவியும் மதிய வெயிலும் கலந்து, ஹாலே மெல்ல மிதப்பதுபோல இருந்தது. முட்டிவலிக்கார மாமனார் மட்டும் சோபாவில், மடியில் தனித்தட்டோடு, கரையில் விடப்பட்டவர் மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவா மாமா?" என்றேன்.

"என்னைய மட்டும் ஏம்மா விருந்தாளி ஆக்கிட்ட?"