கட்டிலில் கம்பளம், தரையில் அம்மா

1

“கட்டிலைக் கொடுங்கப்பா.”

வெள்ளைக்காரத் துரையின் சாமானைப் பற்றி மட்டும் அப்பாவிடம் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். வெரோனிகா திறந்தாள்.

இந்தக் கதை எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. “தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷ வெள்ளத்துல வீட்டுச் சாமானெல்லாம் போனாலும், துரையோட கம்பளத்தைக் காப்பாத்தின மனுஷன்லா நம்ம அம்புரோஸ்!” என்று ஒருவர் மெச்ச, பந்தியே தலையாட்டியது. அப்போது அவர் மனைவி எங்கே படுத்திருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

வெள்ளம் வடிந்த காலையில் கிள்ளான் ஆறு, தாயின் மடியில் உறங்கும்...

(நிறுத்து. ஆற்றை வருணிக்க எனக்குப் பொறுமை இல்லை. வீடெல்லாம் சேறு. போதும்.)

அம்புரோஸ் ரயில்வே குமாஸ்தா. சீமைக்கு லீவில் போன துரை அவரை நம்பி விட்டுப்போன கம்பளம் அது. சேற்றைச் சிரட்டையால் வழித்தார், நல்ல தண்ணீரில் அலசினார், வீட்டில் மிஞ்சிய இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டு அதன்மேல் விரித்தார். அடியில் கரியடுப்பு. குளிர்காய்ச்சலில் நடுங்கிய மனைவி சாந்தமேரி ஈரத் தரையில், சாக்கின் மேல்.

“அம்மாவுக்கு உடம்பு கொதிக்குது. கட்டிலைக் கொடுங்க. அடுப்பையும்.”

“ரெண்டு நாள் பொறுக்க மாட்டியா? காயாம மடிச்சா பூசணம் பிடிச்சிரும்டி.”

“அம்மாவுக்குப் பிடிக்காதா?”

“துரை வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ? படிச்ச திமிரு!”

“விடும்மா,” என்றாள் சாந்தமேரி தரையிலிருந்து. “அவருக்கு வேலை போயிரும்.”

3

அம்புரோஸை இவ்வளவு கல்நெஞ்சராக எழுதலாமா? எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: தன் கோட்டைக் கழற்றி மனைவிக்குப் போர்த்தினார். எழுதியதும் ஆத்திரம் கூடிவிட்டது. கோட்டைக் கொடுக்கத் தெரிந்தவருக்குக் கட்டிலைக் கொடுக்கத் தெரியாதா?

ஒரு முடிவு: துரை திரும்பி வந்து, “அந்தப் பழசா? நாய்க்குப் போடு” என்கிறார். நீங்கள் சிரிப்பீர்கள், அம்புரோஸ் பாவம் என்பீர்கள். தர மாட்டேன். கம்பளம் உசத்தியாகவே இருக்கட்டும், துரை கைகுலுக்கிப் பாராட்டட்டும். அப்போதும் அது தப்புத்தான்.

இன்னொன்று: சாந்தமேரி சாகிறாள். அதுவும் கிடையாது. ஒருத்திக்குக் குளிர்கிறது என்பதை நீங்கள் நம்ப, அவள் சாக வேண்டுமா?

4

“எந்திரிம்மா. கிள்ளான் டவுன்ல சித்தி வீட்டுக்குப் போறோம்.”

“அப்பா தனியா...”

“தனியாவா? கம்பளம் இருக்குல்ல.”

சாந்தமேரி புருஷனைப் பார்த்தாள். பிறகு மகளிடம் கையை நீட்டினாள்.

“நான் ஆபீசுக்குப் போனா, இதை யாருடி புரட்டிப் போடுவா?” என்றார் அம்புரோஸ்.

அவர் பின்னால் ஓடி வருகிறாரா, கம்பளத்தைப் புரட்டுகிறாரா என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் அங்கேயே இருந்து பாருங்கள். எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. வெரோனிகா அம்மாவைத் தோளில் தாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள்.