துணிக்குப் பின்னால் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள்

காலை ஒன்பது மணிக்கே ஷிகாகி மூன்று ஆம்ப்ளிஃபயர்களுக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டார். கேட்கப் போவது என்னவோ பகல் இரண்டு மணிக்குத்தான். ஆனால் நன்றாகச் சூடேறாத ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வது, அப்போதுதான் தூங்கி எழுந்தவனைப் பாடச் சொல்லித் திட்டுவதுபோல என்பது நண்பர்கள் மூவரின் கொள்கை.

மாதத்தின் முதல் ஞாயிறு, மூவரும் கூடிக் கேட்கும் நாள். ஜப்பானின் ஹமாமட்சு நகரத்து ஜனவரிக் காற்று ஜன்னல் கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது. ஷிகாகி மூன்றின் ஒலி அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினார். கொஞ்சம் சத்தம் கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லிவிடும். பிறகு ஒரே ஜோடி ஸ்பீக்கர்களுக்கு மூன்றையும் ஒரு பெட்டி வழியாக இணைத்தார். பெட்டியில் மூன்று பொத்தான்கள். எதை அழுத்துகிறோமோ அந்த ஆம்ப்ளிஃபயர் பாடும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழைய படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினார்.

அவர் மனைவி ஃபுமியே ஆரஞ்சுக் கூடையோடு வந்து நின்றாள்.

"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்களேன்."

"எதை?"

"போன வாரம் காய்ச்சல் பாக்குற கருவி அரை நிமிஷமா கீச்சு கீச்சுன்னு கத்துது. நீங்க அதை அக்குள்ல வச்சுக்கிட்டு பேப்பர் படிக்கிறீங்க."

"யோசனையில இருந்தேன்."

"செப்டம்பர்ல ராத்திரி பூரா தோட்டத்துல மணிப்பூச்சி கத்தினப்பவும் யோசனைதானா?"

ஷிகாகி திரையின் மடிப்பை நீவினார். பியானோ தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருஷம் கடைசிச் சோதனை மேஜையில் இருந்தவர் அவர். அவர் தலையசைக்காமல் ஒரு பியானோ வாசலைத் தாண்டியதில்லை. இப்போது உயர்ந்த ஒலிகள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. போனவற்றில் அவருக்கு அதிகம் வலித்தது சிம்பல். குச்சி பட்டதும் வெண்கலத் தட்டிலிருந்து எழும்பிப் பரவுமே, அந்தப் பொடிச் சிலிர்ப்பு.

இன்றைக்கென்று பார்த்து அவர் வார்த்தைக்கு வேலை இருந்தது. அதே தொழிற்சாலையில் லாரி ஓட்டிய நண்பர் உஷியாமா, ஓய்வு பெற்றதும் நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்க வேண்டும் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் இரண்டு நாளைக்கு இரவல் கொடுத்த புதியதும் இப்போது திரைக்குப் பின்னால் இருந்தது. மற்றவை இரண்டு: ஷிகாகியின் இருபத்திரண்டு கிலோ பழைய ஆம்ப்ளிஃபயர், இன்னொரு நண்பரான நருமி, பழைய சாமான் சந்தையில் வாங்கித் தானே பழுது பார்த்த ஒன்று.

"நாளைக்குக் காலையில கடைக்கு போன் பண்ணணும்," என்றார் உஷியாமா, செருப்பைக் கழற்றும்போதே. "உன் காது என்ன சொல்லுதோ அதுதான்யா. எனக்கென்ன தெரியும்? முப்பது வருஷம் லாரி எஞ்சின் பக்கத்துல உக்காந்தவன்."

"அதான் கத்திக் கத்திப் பேசறே," என்றார் நருமி. "ஃபுமியே-சான், நீங்க எந்தப் பக்கம்?"

"திரைக்குப் பின்னாடி. பொத்தான் அழுத்துற உத்தியோகம்."

"அங்க நல்லா சூடா இருக்குமே, குடுத்து வச்சவங்க."

பாட்டு, பியானோவும் பாஸும் டிரம்ஸும் சேர்ந்த மூவர் இசை. நான்கு நிமிஷம். அதை மூன்று முறை போடுவார்கள். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ஃபுமியே தன் இஷ்டப்படி ஒரு பொத்தானை அழுத்திவிட்டு "மாத்திட்டேன்" என்று குரல் கொடுப்பாள்.

முதல் முறை ஷிகாகி கண்ணை மூடிக்கொண்டார். பியானோவில் இடது கை வாசிக்கும் கீழ் ஒலிகள் தெளிவாக இருந்தன. பாஸ் தந்தியிலிருந்து விரல் விடுபடுவதுகூடக் கேட்டது. சிம்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது முறை, அதே. மூன்றாவது முறை உடம்பு முழுவதையும் காதாக்கிக் கேட்டார். அப்போதும் அதே. பொத்தான் அழுத்தும் 'டக்' ஓசைகூட அவருக்குக் கேட்கவில்லை. இடது கையில்கூட வித்தியாசம் தெரியாத அளவுக்குக் காது போய்விட்டதா?

பக்கத்தில் நருமியின் பென்சில் நிற்காமல் ஓடியது. ஷிகாகியும் ஏதாவது எழுதலாம். 'இரண்டாவது இதமானது, மூன்றாவது விரிந்தது.' யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அதை நம்பி உஷியாமா நாளைக்குக் கடைக்கு போன் பண்ணுவார். வெகுநேரம் பென்சிலைப் பிடித்திருந்துவிட்டு ஒரே வரி எழுதினார்.

"நான் முதல்ல," என்று நருமி படித்தார். "ஒண்ணாவது வறட்சி. ரெண்டாவதுல ஈரம் இருக்கு. மூணாவது கதவைத் திறந்து விட்டாப்ல."

"எனக்கும் மூணாவதுதான்," என்றார் உஷியாமா. "ரெண்டாவதுல டிரம்ஸ்காரன் கொஞ்சம் பின்னாடி போயி உக்காந்துட்டான். ஷிகாகி, நீ சொல்லு."

"மூணுக்கும் வித்தியாசம் தெரியலை."

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"விளையாடறியா?" என்றபடி நருமி எழுந்து திரையை விலக்கினார். எந்தப் பொத்தான் எந்த ஆம்ப்ளிஃபயருக்கு என்று காட்டப் போனவர் அப்படியே குனிந்து நின்றார். முதல் பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது. மற்ற இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஃபுமியே-சான், கடைசியா எதை அழுத்தினீங்க?"

"மூணாவதை. இதோ இப்படி." விரல் நுனியால் மெல்லத் தொட்டுக் காட்டினாள். பொத்தான் அசையவில்லை.

நருமி கட்டைவிரலை வைத்து ஓங்கி அழுத்தினார். 'டக்'கென்று முதல் பொத்தான் வெளியே குதித்தது.

"அடக் கடவுளே! மூணு தடவையும் ஷிகாகியோட பழசுதான் பாடியிருக்கு!"

உஷியாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஈரம்னே! கதவைத் திறந்து விட்டாப்லன்னே!"

"உன் டிரம்ஸ்காரன் மட்டும் நிஜமாவா எந்திரிச்சுப் போயி உக்காந்தான்?" என்றார் நருமி.

"பாத்தியா, இதுதான்யா காது! நாம ரெண்டு பேரும் அளந்து விட்டோம், இவன் ஒருத்தன் அசையலையே!" என்றார் உஷியாமா.

ஃபுமியே ஷிகாகியைப் பார்த்தாள். அவர் பேசாமல் இருந்தாலே போதும். இன்னும் எத்தனையோ ஞாயிறுகளுக்கு இந்தப் பெருமை தாங்கும்.

"காது இல்லை," என்றார் ஷிகாகி. "எனக்கு ஒண்ணும் கேக்கலை, அதான் அப்படி எழுதினேன். சிம்பலே கேக்கறதில்லை. செப்டம்பர்லேருந்து."

உஷியாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நருமி விரல் விட்டு எண்ணினார்.

"நவம்பர்ல என் ஆம்ப்ளிஃபயர்ல சிம்பல் மங்கலா இருக்குன்னு சொன்னியே?"

"பொய்."

"அதைக் கேட்டு நான் மொத்தத்தையும் பிரிச்சு ரெண்டு கண்டென்சர் மாத்தினேன். மாத்தினதும் பளிச்சுன்னு இருக்குன்னு சொன்னே!"

"அதுவும் பொய். மன்னிச்சுடு."

நருமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு ஆரஞ்சை உரித்தார். பாதியை வாயில் போட்டு மென்று முடித்தார். "எனக்கும் பளிச்சுன்னுதான் இருந்துச்சு," என்றார் கடைசியில். "அதை நெனச்சாத்தான் கோவமா வருது."

"அதெல்லாம் கிடக்கட்டும்யா. நாளைக்கு நான் கடைக்காரன்கிட்ட என்ன சொல்றது?" என்றார் உஷியாமா. "ஷிகாகி, உனக்கு எது கேக்குது?"

"இடது கை. பாஸ்."

"அதைச் சொல்லு. அது போதும். மேல உள்ளதை நாங்க பாத்துக்கறோம். ஃபுமியே-சான், இந்தத் தடவை கட்டைவிரல்!"

மறுபடி மூன்று முறை. இந்தத் தடவை 'டக்' மூன்றும் ஷிகாகிக்குக் கேட்டன. இரண்டாவது முறை பியானோவின் இடது கையைப் பெட்டிக்குள் வைத்து மூடியதுபோல இருந்தது. அவர் தயங்காமல் எழுதினார். முடித்துத் திரையை விலக்கினார்கள். இரண்டாவது, கடையில் இரவல் வாங்கி வந்த புதியது.

"திருப்பிக் குடுத்துடு," என்றார் ஷிகாகி. "கீழ அடைச்சுக் கிடக்கு."

உஷியாமா பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவரை மறுத்தார். "இல்லைய்யா. இதைத்தான் வாங்கப் போறேன். கீழ கொஞ்சம் அடைப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த சிம்பல்…"

ஷிகாகிக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் நாற்காலியை உஷியாமாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சிம்பல் எப்படி இருந்துச்சு? சொல்லு."

"எனக்குச் சொல்லத் தெரியாதுய்யா."

"தெரிஞ்சவரைக்கும் சொல்லு."

உஷியாமா பின்கழுத்தைச் சொறிந்தார். கையை உயர்த்தி, காற்றில் விரல்களை மெல்ல விரித்தார். திருப்தியில்லாமல் மடக்கி, மறுபடி விரித்தார். "குளிர்காலத்துல விடிகாலையில லாரியை எடுக்கப் போவேன்ல… கண்ணாடி பூரா உறைபனி. அட்டையை வச்சு ஒரு இழு இழுப்பேன். அது அப்படியே பொடிப்பொடியா…"

"பறக்குமா, விழுமா?"

"முதல்ல பறக்கும்," என்றார் உஷியாமா, கண்ணை மூடிக்கொண்டு. "இரு, இன்னொரு தடவை போடச் சொல்லு. கேட்டுக்கிட்டே சொல்றேன்."