இரண்டு கோடும் ஒரு கத்தரிக்கோலும்

எங்கள் ஆய்வகத்தில் டிஎன்ஏக்காரர்களுக்கு ஜன்னலோர மேசை. ஆர்என்ஏவுக்குக் கழுவுதொட்டிக்குப் பக்கத்து மூலை. அந்த மூலையாவது கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட வேண்டுமாம். மேசை தந்த அன்றே ஆய்வகத் தலைவி சொன்ன வார்த்தை அது. அவரை நாங்கள் மேடம் என்போம்.

போன திங்கட்கிழமை காலை அதே மேடம் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மூணு வாரமா உருப்படியா ஒரு ஆர்என்ஏ இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ரெண்டு கோடு வரலேன்னா நீ பழையபடி பாட்டில் கழுவப் போயிடு."

கையில் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் பாட்டில் கழுவியவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலைக்கு எடுத்தபோது "வீட்ல யாராவது படிச்சிருக்காங்களா?" என்று கேட்டார்கள். யாரும் படிக்கவில்லை, அம்மா தையல் கடையில் துணி வெட்டுகிறாள் என்றேன். பாட்டில் கழுவும் பிரஷைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஈஸ்ட் செல்லை உடைத்து அதிலிருக்கும் ஆர்என்ஏவைப் பிரிக்க வேண்டும். அதை ஜெல்லில் ஊற்றி மின்சாரம் விட்டால், நல்ல ஆர்என்ஏ பளிச்சென்று இரண்டு கோடாக நிற்கும். கெட்டுப்போனது கீழ்வரைக்கும் தேய்த்து இழுத்த கறையாகத் தெரியும். எனக்கு மூன்று வாரமாகக் கறைதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அட்டை ஒன்றை வெட்டிக்கொண்டே புலம்பினேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னடி அந்த ஆர்என்ஏ?"

"உங்க கடையில அளவு அட்டை ஆணியில தொங்குதுல்ல?"

"அதை மாஸ்டர் யாரையும் தொட விடமாட்டாரு."

"அதுதான் டிஎன்ஏ. ரெண்டு இழை, ஒண்ணையொண்ணு முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு செல்லுக்குள்ள பத்திரமா உக்காந்திருக்கும். ஒண்ணுல எழுத்துக் கெட்டாலும் எதிர் இழையைப் பார்த்துச் சரிபண்ணிக்கும். நீ அட்டையைப் பார்த்துத் தாள்ல ஒரு நகல் எடுத்துட்டு வெட்டற மேசைக்குப் போறல்ல? அது ஆர்என்ஏ. ஒத்தை இழை. அதுல மூணு மூணு எழுத்தாப் படிச்சுத்தான் செல்லு புரதத்தைக் கோக்கும்."

"தாளு சாயங்காலம் குப்பைக்குப் போயிடுமே?"

"இதுவும் போயிடும். சிலதுக்கு நிமிஷக்கணக்குலதான் ஆயுசு. தொட்டா ஒடஞ்சிடும்."

"குப்பைக்குப் போறதைப் பிடிச்சு வெச்சு என்னடி ஆராய்ச்சி?"

"கடையில இன்னைக்கு என்ன தைக்கிறாங்கன்னு அட்டையைப் பார்த்தாத் தெரியுமா? எல்லா அட்டையும் எப்பவுமே தொங்கும். மேசை மேல இருக்கற தாளைப் பார்த்தாத்தானே தெரியும்?"

அம்மாவின் கை நின்றது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. படிச்சவளுங்க சுத்தி வளைக்காம பேச மாட்டீங்க."

வெட்டிய அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: கையுறை போடாமல் எதையும் தொடாதீர்கள். நம் தோலிலும் வியர்வையிலுமே ஆர்என்ஏவைத் தின்னும் நொதி இருக்கிறது. எவனோ வெறுங்கையால் தொட்டுக் கெடுக்கிறான் என்பது என் முடிவு. மறுநாள் அந்த அட்டையை மேசை மேல் மாட்டினேன்.

செவ்வாய், கறை. புதன், கறை.

ஜன்னலோர டிஎன்ஏ அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் மாடர்ன் ஆர்ட்டாம்மா?" என்றார். ஜெல்லை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் பெருந்தன்மை.

புதன் சாயங்காலம் கதவைத் திறந்தால் அம்மா கத்தரிக்கோலோடு நிற்கிறாள். துணி வெட்ட மட்டுமே அவள் வைத்திருப்பது. கடையில் விட்டால் யாராவது அட்டை வெட்டி மழுக்கிவிடுவார்கள் என்று தினமும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

"ரெண்டு நாளாத் துணியை மென்னு துப்புது. மாஸ்டர் என் கையைக் குறை சொல்றாரு. இருபது வருஷமா வெட்டற கை! இதுல அட்டை வெட்டினது யாரு?"

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள் வெட்டவில்லை.

"பார்க்க நல்லாத்தானேம்மா இருக்கு?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். துணியில வெச்சாத்தான் தெரியும். இன்னொரு வேலைக்கு எடுத்துட்டு, எடுத்த இடத்துலயே வெச்சுட்டா எனக்கு எப்படிடி தெரியும்?"

நான் கத்தரிக்கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திமிர் என்று நினைத்து அம்மா இன்னும் பத்து நிமிஷம் திட்டினாள். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. திரவங்களை உறிஞ்சி அளந்து விட நான் வைத்திருக்கும் பிப்பெட், கழுவுதொட்டிக்கு மேலே கொக்கியில் தொங்குவது, அதுதான் கண்ணுக்குள் நின்றது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை ஸ்டோர் அக்காவிடம் கெஞ்சி, பெட்டி பிரிக்காத பிப்பெட் செட் ஒன்றை வாங்கினேன். ஒரே ஈஸ்ட்டை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை என் பிப்பெட்டாலும் மற்றதைப் புதியதாலும் செய்தேன். ஜெல்லை விளக்கில் வைத்தால் இடது பக்கம் கறை. வலது பக்கம் இரண்டு கோடுகள், ரயில் தண்டவாளம் மாதிரி.

நேராக ஜன்னலுக்குப் போனேன்.

"அண்ணா, என் பிப்பெட்டை எடுத்தீங்களா?"

"எடுத்தேன்மா. என்னோடது ஒழுகுது. உன் போர்டைப் பார்த்ததுக்கப்புறம் கையுறை போட்டுத்தான் எடுத்தேன்!"

"எடுத்து எதை உறிஞ்சினீங்க?"

அவர் முகம் மெல்ல மாறியது. "ஆர்என்ஏஸ்," என்றார்.

டிஎன்ஏக்காரர்களுக்கு ஆர்என்ஏ குப்பை. சுத்தமான டிஎன்ஏ வேண்டுமென்று அதைத் தின்னும் நொதியைச் சொட்டு விடுவார்கள். அந்த நொதிக்குத்தான் ஆர்என்ஏஸ் என்று பெயர். கொதிக்க வைத்தாலும் லேசில் சாகாது. என் பிப்பெட்டுக்குள் உட்கார்ந்து மூன்று வார உழைப்பைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறது.

அவரைத் திட்ட முழுப் பேச்சு ஒன்று தயாராக இருந்தது. வாய் திறந்ததும் அம்மாவின் கத்தரிக்கோல் குறுக்கே வந்தது. பாதிதான் திட்டினேன். மீதிப் பாதி எனக்கும் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை அவரே என்னோடு வந்து மேடத்திடம் நடந்ததைச் சொன்னார். அந்த நேர்மையை மறுக்க முடியாது. மேடம் ஜெல் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஆர்என்ஏவுக்கு மட்டும்னு தனி செட் வேணும்னு ஏன் முதல்லயே கேக்கல?"

"மேசை தந்த அன்னைக்கே கேட்டேன் மேடம். மூலையாவது கிடைச்சதேன்னு சொன்னீங்க."

மேடம் படத்தை என்னிடம் நீட்டினார். "மேசை உன்னோடது. புது செட்டும் உன்கிட்டயே இருக்கட்டும்." மன்னிப்பு அந்த வாயிலிருந்து வராது. வேண்டியது கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொண்டுபோனேன். திரும்பி வந்ததும் அம்மா ஒரு துண்டுத் துணியை எடுத்து நீளமாக ஒரு வெட்டு வெட்டினாள். சத்தத்தைக் கவனித்துவிட்டு, "ம்," என்றாள். அவள் அகராதியில் அது கைதட்டல்.

"கொஞ்சம் சிவப்பு நூல் குடும்மா. என் பிப்பெட்ல அடையாளம் கட்டணும்."

"நூலைப் பார்த்து எவன் நிப்பான்? பேசாம தினமும் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துடு."

"வீட்டுக்குக் கொண்டுவந்தா மட்டும் பத்திரமா?" என்றேன்.

அம்மா கத்தரிக்கோலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.