கிளியம்மாள் முறைத் தண்ணீர்

வடக்குப்பட்டுக்கு முலாம் பூசும் கம்பெனி வந்ததற்குக் காரணம் எங்கள் கிணறு. ஊர் முன்னேற வேண்டும் என்று யாரும் இங்கே வந்து கம்பெனி போடவில்லை. அம்பத்தூரில் அவர்களுக்குத் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது, யூனியனும் வலுத்திருந்தது. இங்கே நிலம் மலிவு. கொடி பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் போர் போட்டுப் பார்த்த இடமெல்லாம் உப்புத் தண்ணீர். எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். 1991 தையில் அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள்.

கிணற்றில் மூன்று பங்கு. ஒரு பங்குக்காரர் மோட்டார் போட்டால் அடுத்த நாள் இன்னொருவர் முறை. இரண்டு பங்காளிகள் நிலத்தோடு விற்றுவிட்டார்கள். மூன்றாவது பங்கு என் அக்கா கிளியம்மாளுடையது. அவள் விற்கவில்லை. பெரும்பங்கு வாங்கினால் கிணறே வந்துவிடும் என்று மெட்ராஸ்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பிலேயே தொட்டி, ஷெட் எல்லாம் கட்டி முடித்தார்கள்.

அக்காவின் முறை நாளன்று காலையில் போனோம். கேட்டில் பூட்டு. மதிலுக்கு அடியில் எங்கள் வாய்க்கால் வெளியே வரும் மடையைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். இந்தப் பக்கம் அக்காவின் கத்திரிச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. பிஞ்சு விடும் நேரம். இன்று பாயாவிட்டால் பூவெல்லாம் கொட்டிவிடும்.

கேட்டுக்கு உள்ளே வாட்ச்மேன் சின்னப்பையன் நின்றார். மண்ணூர்க்காரர். கம்பெனி இருக்கும் ஊரில் ஆள் எடுப்பதில்லை என்பது இந்தக் கம்பெனிக்காரர்கள் வழக்கம். உள்ளூர்க்காரனுக்குக் கோபம் வந்தால் ஊரையே கூட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

"தெறக்கக் கூடாதுன்னு ஆர்டர்மா."

"ஆர்டர் போட்டவன் இந்தக் கெணறு வெட்டசொல்ல எங்க இருந்தான்? கூப்புடு அவன," என்றாள் அக்கா.

வேலைக்கு ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீசர் இராமச்சந்திரன் வந்தார். அக்காவை விட்டுவிட்டு, கேட் கம்பி வழியாக என்னிடம் பேசினார்.

"தம்பி, நீ மறைமலை நகர்ல வேலை பாத்தியாமே?"

"நைட் ஷிப்ட். வுட்டுட்டேன்."

"ஏன்?"

"தூக்கம் வந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. "இங்க ஜெனரல் ஷிப்ட் தரேன். காலைல வந்தா சாயங்காலம் வீடு. அக்கா அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தா போதும். இந்த ஊர்ல வேற எவனுக்கும் இது கிடைக்காது."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பகலில் வேலை, இரவில் தூக்கம். மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"போறதுன்னா போடா. ஆனா என் தண்ணிய குட்த்துட்டு வேலை வாங்கினியா, அப்பறம் என் வூட்டுப் பக்கம் வராத."

நான் இராமச்சந்திரனைக் கேட்டேன். "எத்தினி நாளைக்கு சார் வேலை?"

"பர்மனென்ட்தான்."

"அம்பத்தூர்ல இருந்தவங்களும் பர்மனென்ட்தான? அவங்கள இன்னா பண்ணீங்க?"

அவர் என்னை யோசித்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார்.

வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்தேன். மடைப் பூச்சு இன்னும் ஈரம். நாலைந்து குத்திலேயே செங்கல் உதிர்ந்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையைப் பெரிதாக்கினேன்.

"போலீஸைக் கூப்பிடுவேன்!" என்று கத்தினார் இராமச்சந்திரன்.

"கூப்புடு. ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து அவங்க வர்றதுக்குள்ள பாதித் தோட்டம் பாஞ்சிடும்," என்று சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா உள்ளே ஊர்ந்தாள்.

"பிடிய்யா அவளை!"

சின்னப்பையன் நகரவில்லை. "பொம்பளைய நான் தொடமாட்டேன் சார். எங்க ஊர்ல நானும் கெணத்துப் பங்குக்காரன்தான்."

மோட்டார் சத்தம் கேட்டது. சிமெண்டுத் தூளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் மடை வழியாக வந்தது. அக்கா வந்த வழியே திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். ஓட்டையை யாரும் அடைத்துவிடாமல் நான் கடப்பாரையோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

"இப்படியே எத்தனை நாள் பண்ணுவீங்க?" இராமச்சந்திரனின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க எத்தினி நாள் இங்க கீறீங்களோ, அத்தினி நாளு," என்றேன்.

முதலிலேயே என்றால் அவர்கள் வேறு ஊர் பார்த்துப் போயிருக்கலாம். அம்பத்தூரை விட்டு வந்தது போல எங்களையும் விட்டுப் போயிருக்கலாம். இப்போது எல்லாவற்றையும் இந்த மண்ணில் கொட்டிக் கட்டிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எங்களோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும்.

போலீஸ் வந்தபோது அக்கா கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள். ஏட்டு வரப்பில் நின்று, ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

"இரு, இத்த முடிச்சிட்டு வரேன்," என்றாள், மண்வெட்டியை நிறுத்தாமல்.