முதல் சுற்றும் ஆறாம் சுற்றும்

போலோ மைதானத்தில் எட்டுப் பேர் இருக்க வேண்டும். நடுவர்கள் இருவரைத் தள்ளிவிட்டு எண்ணினால் எவாரிஸ்தோவுக்கு அன்றும் ஒன்பது வந்தது. வெள்ளைச் சட்டை நாலு, நீலச் சட்டை ஐந்து.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். ஐந்துதான். மூன்று வருஷமாக இதே கதை. கண் டாக்டர் இரண்டு தடவை கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் தடவை, குடியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். எவாரிஸ்தோ அதையும் குறைத்துப் பார்த்தார். நீலச் சட்டை குறையவில்லை.

ஐந்தாவது ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. லிசாந்த்ரோ இரியார்தே. செத்து மூன்று வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோது எப்படி ஆடினானோ, இப்போதும் அச்சு அசலாக அப்படியே ஆடினான். அதுதான் கொடுமை. செத்தவன் கொஞ்சம் தேறியிருக்கக் கூடாதா? குதிரையின் இடப்பக்கம் வரும் பந்தைப் பின்னால் திருப்பி அடிக்கப் போய் இன்றைக்கும் ஒரு சாண் தவறவிட்டான். ஏழு நிமிஷச் சுற்று முடிந்து மணி அடித்ததும் மற்றவர்கள் குதிரை மாற்ற ஓரத்துக்குப் போவார்கள். அவன் மட்டும் போகமாட்டான். நடு மைதானத்தில் குதிரையை நிறுத்தி, மதிப்பீட்டுக்காரர்கள் உட்காரும் மேடையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

எவாரிஸ்தோ குனிந்து நோட்டைப் பார்த்தார். அன்று ஆடுபவர்களின் பட்டியலுக்குக் கீழே, அவருடைய கையெழுத்திலேயே, 'இரியார்தே, லிசாந்த்ரோ: 4' என்று எழுதியிருந்தது. எப்போது எழுதினோம் என்று நினைவில்லை. தாளைக் கிழித்துக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தார். பை ஏற்கெனவே உப்பியிருந்தது.

"என்னப்பா, மறுபடி கிழிக்கிறே? காதல் கடிதமா எழுதறே?" என்றார் பக்கத்தில் இருந்த சலுஸ்தியானோ. கமிட்டித் தலைவர். நாற்பது வருஷ சிநேகிதர். ஆட்டத்தைவிட வாயில் இருந்த மாத்தே தேநீரில்தான் அவருக்குக் கவனம் அதிகம். "அந்த இரியார்தே பொண்ணைப் பாரு. என்னமா ஆடறா! நாலு போட்டுட வேண்டியதுதான்."

"பாக்கலாம்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? அண்ணன் ரத்தம்யா அது."

எவாரிஸ்தோ நோட்டை மூடினார்.

பம்பா சமவெளியில் அந்த ஊர்ப்பக்கம் போலோ ஆடும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஆட்டத் திறமைக்கான கணக்கு அது, சுழியம் கோலில் தொடங்கிப் பத்து கோல் வரை. ஒருவனைப் பற்றிப் பேசும்போது அப்பன் பேருக்கு முன்னால் அதைத்தான் சொல்வார்கள். பெண் கேட்டுப் போகிற இடத்திலும் அந்தப் பேச்சு வராமல் இருக்காது. வருஷம் பூராவும் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, டிசம்பரில் மூன்று பேர் கமிட்டி உட்கார்ந்து எண்ணை ஏற்றும், இறக்கும். எவாரிஸ்தோ சுபிரியாவுக்கு அந்தக் கமிட்டியில் பதினெட்டாவது வருஷம். அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. ஊரே மரியாதையாகத் 'தோன்' போட்டுக் கூப்பிடும் அவருக்கு நேர்மைக்காரர் என்ற பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

லிசாந்த்ரோ அப்போது நாலு கோல் ஆள். அவன் அணி முதலாளியிடம் மோரா என்று ஒரு கறுப்புப் பெண்குதிரை இருந்தது. கடிவாளம் அசைவதற்கு முன்பே திரும்பும் குதிரை. பந்து எங்கே போகும் என்று அதற்குத் தெரியும். முதல் சுற்றில் அவன் மோராமீது வருவான். நடு நாலு சுற்றுகள் அதற்கு ஓய்வு. கடைசியாக ஆறாம் சுற்றில் மறுபடி மோரா. மோராமீது இருந்தால் அவன் ஆறு கோல் ஆள். மற்ற குதிரைகள்மீது நாலு, அதுவும் சுமாரான நாலு. எவாரிஸ்தோ இதை முதல் மாதமே கண்டுகொண்டார். அவருக்கா தெரியாது?

ஆனால் ஜனவரிக் கோப்பையில் ஓர் அணியின் நாலு பேருடைய எண்ணையும் கூட்டினால் பதினாலைத் தாண்டக் கூடாது. லிசாந்த்ரோவின் அணி சரியாகப் பதினாலு. அந்த அணியை ஜெயிக்க ஆள் கிடையாது. எதிர் அணியில் எவாரிஸ்தோவின் மகன் இக்னாசியோ ஆடினான். கோப்பை, கோப்பை என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தான் அவன்.

கமிட்டியில் எவாரிஸ்தோ பொய் ஏதும் சொல்லவில்லை. முதல் சுற்றுக் குறிப்புகளையும் ஆறாம் சுற்றுக் குறிப்புகளையும் மட்டும் வாசித்தார். நடுவில் இருந்த நாலு பக்கங்களை விரலால் சேர்த்துப் புரட்டினார். லிசாந்த்ரோவுக்கு ஆறு விழுந்தது. அணி பதினாறாகி உடைந்தது. முதலாளி அவனைக் கைகழுவினார். இக்னாசியோ கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஆறு கோல் ஆளுக்கு வெளியூரில் பெரிய அணிகளில் கிராக்கி. லிசாந்த்ரோ போனான். இரவல் குதிரைகள். மார்ச் மாதம் ஓர் ஆட்டத்தில், குதிரை திரும்பிவிடும் என்று நம்பி முன்கூட்டியே சாய்ந்தான். மோராவாக இருந்தால் திரும்பியிருக்கும். இரவல் குதிரை திரும்பவில்லை. அவன் விழுந்தான். குதிரை அவன்மேல் விழுந்தது.

சாவு வீட்டுக்கு முதலாளி மோராவைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். மனசாட்சி உறுத்தியிருக்கும். உறுத்த வேண்டியவர் இன்னொருவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது லிசாந்த்ரோவின் தங்கை ஹசிந்தா மோராமீது ஆடுகிறாள். முதல் சுற்றிலும் ஆறாம் சுற்றிலும்.

ஆட்டம் முடிந்து கமிட்டி கூடுவதற்கு அரை மணி இருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. எவாரிஸ்தோ குதிரைகள் கட்டியிருக்கும் பக்கம் போனார். ஹசிந்தா குழாய்த் தண்ணீரை மோராவின் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தோன் எவாரிஸ்தோ! கடைசி கோலைப் பாத்தீங்கல்ல? சும்மா சொல்லாதீங்க, எப்படி இருந்துச்சு?"

"பாத்தேன் மகளே."

"நாலு வந்துட்டா தெற்கே ஒரு அணியில கூப்பிடறாங்க. பெரிய ஆட்டம். குதிரையெல்லாம் அவங்களே தருவாங்க. நான் வெறும் மட்டையோட போய் நின்னா போதும்." சிரித்தாள். "என்ன, முகத்த இப்படி வச்சிருக்கீங்க? பல் வலியா?"

பேசாமல் போய்விடலாம். உள்ளே போய் இரண்டு என்று எழுதிவிட்டு, காரணம் கேட்டால் பூசி மெழுகலாம். அப்படிச் செய்தால் இவள் அடுத்த வருஷமும் இதே கனவோடு வருவாள், என்றைக்காவது வேறு யாராவது நாலு போட்டுவிடுவார்கள். இவளிடம் உண்மையைச் சொன்னால் மட்டும்தான் இவள் பிழைப்பாள். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்றும் அவருக்குத் தெரியும். மைதானம் காலியாகியிருந்தது. நடுவில் ஒரு நீலச் சட்டை மட்டும் இந்தப் பக்கம் பார்த்து நின்றது.

"உனக்கு ரெண்டுதான்மா" என்றார். "நடு நாலு சுத்தைப் பாத்தேன். நீ ரெண்டுதான். மத்ததெல்லாம் இந்தக் குதிரை ஆடுறது. வேற குதிரை மேல உக்காந்து இதே மாதிரி சாஞ்சா, செத்துப்போவே."

ஹசிந்தா குழாயை மூடினாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் குதிரையின் கழுத்தில் கையை வைத்தாள்.

"அப்ப எங்க அண்ணன்?"

"நாலு."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்." கண்ணாடியைக் கழற்றினார். "என் பையன் ஜெயிக்கணும்னு செஞ்சேன். நடுப் பக்கங்களை நான் வாசிக்கல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அவனுக்கு ஆறு வந்தன்னிக்கு வீட்டுல என்ன சொன்னான் தெரியுமா? எங்க அம்மா பயந்தா. வேணாம்டா, உனக்கு அவ்வளவு வராதுடான்னா. அவன் சொன்னான், 'அம்மா, தோன் எவாரிஸ்தோ போட்டிருக்காரு. அந்த ஆளு பொய் சொல்லமாட்டாரு. எனக்குள்ள ஆறு இருக்கு, எனக்குத்தான் இத்தனை நாளாத் தெரியல'ன்னு. அதை நம்பித்தான் போனான்."

குற்றம் செய்தோம் என்று எவாரிஸ்தோவுக்கு மூன்று வருஷமாகத் தெரியும். அவன் தன்னை நம்பினான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"இப்பவே உள்ள போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் மகளே. அவன் எண்ணைத் திருத்தச் சொல்றேன். அதுக்கப்புறம் என்னை என்ன வேணா செய்யட்டும்."

"வாயத் திறக்காதீங்க" என்றாள் ஹசிந்தா. குரலை உயர்த்தவில்லை. "கல்லறையில அவன் பேருக்குக் கீழ ஆறுன்னு செதுக்கி வச்சிருக்கா எங்க அம்மா. ஞாயித்துக்கிழமை தோறும் போய்த் துணியால தொடைக்கிறா. அவளுக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஒண்ணுதான். நீங்க சொன்னா உங்களுக்கு நிம்மதி. அவளுக்கு?"

"ஹசிந்தா..."

"எனக்கு ரெண்டு எழுதுங்க. நான் எங்கயும் போகல. ஆனா என் அண்ணன் ஆறுதான். சாகுற வரைக்கும் நீங்க அப்படியேதான் சொல்லணும்."

அவர் உள்ளே போய் இரண்டு என்றார். சலுஸ்தியானோ மேசையைத் தட்டினார். "ரெண்டா? உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? அண்ணனுக்கு அள்ளிக் கொடுத்த கை, தங்கச்சிக்குக் கிள்ளிக் கொடுக்குதே!" எவாரிஸ்தோ இம்முறை நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்து ஆறு சுற்றுகளையும் வாசித்தார். ஒரு பக்கமும் விடவில்லை. பதிவேட்டில் இரண்டு என்றே ஏறியது.

கூட்டம் முடிந்தால் கிளப்பில் செத்துப்போனவர்களுக்காக ஒரு கோப்பை சிவப்பு ஒயின் குடிப்பது வழக்கம். யார் எண் கொடுத்தாரோ அவரே எழுந்து பேரையும் எண்ணையும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். போன இரண்டு வருஷமும் காய்ச்சல் என்று சொல்லி எவாரிஸ்தோ நழுவிவிட்டார்.

"இன்னிக்கு உன்னை விடமாட்டேன்" என்றார் சலுஸ்தியானோ, கோப்பையை அவர் கையில் திணித்து. "அவனை ஆறுன்னு முதல்ல கண்டது உன் கண்ணுதானேய்யா. எந்திரி."

எவாரிஸ்தோ எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே ஹசிந்தா மோராவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"லிசாந்த்ரோ இரியார்தே" என்றார். "ஆறு."

"ஆறு" என்றார்கள் எல்லோரும். அவர் குடித்தார்.