ரிம்மின் உட்புறம்

18-6-1974, செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு. மோசஸின் சைக்கிள் சக்கரத்தில் பிய்த்துக்கொண்டு வந்த கம்பிகள் பதினொன்று என்று எழுதியிருக்கிறேன். இன்று காலை மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. நேற்று எண்ணும்போது என் கவனம் கம்பிகளின் மேல் இல்லை, எங்கள் கடை பிட்டர் அருணகிரியின் முகத்தின் மேல் இருந்தது. தவறாக எழுதியதை அடிக்கக்கூடாது, மறுநாள் தேதி போட்டுத் திருத்தி எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பில் சேர்ந்த அன்று நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. அதனால் இந்த டைரியில் பாதிக்கு மேல் திருத்தங்கள்தான்.

இப்போது மணி ஐந்தேகால். வரைபட வகுப்பு ஆறு மணிக்கு. வகுப்புக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றைய பக்கத்தை வாசித்துப் பார்த்தால் நான் சந்தோஷமாக இருந்தது மட்டும்தான் தெரிகிறது, என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஆகவே மறுபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, நான் வேலை செய்யும் சைக்கிள் கடைக்கு மோசஸ் வந்தார். சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். இடது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை மாவுக்கட்டு. வலது தோளில் சைக்கிளின் பின்சக்கரத்தை மாட்டியிருந்தார். அதைச் சக்கரம் என்று சொல்வதும் சரியில்லை. அப்பளத்தை எண்ணெயில் போட்டு எடுத்தது மாதிரி நெளிந்து மடங்கியிருந்தது. முதலாளி கோதண்டராமனின் மேஜைக்கு முன்னால் அதைப் போட்டார். ஊதுபத்தி ஸ்டாண்டு உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"இன்னாய்யா ரிம்மு குட்த்த நீ? மூணு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வாணாம்னியே. மூணு வருசம் எங்க, அஞ்சு மாசம் தாண்டல."

"மீன் தண்ணி சொட்டிக்கினே இருந்தா எந்த ரிம்மு தாங்கும்? இரும்புதானே அது" என்றார் முதலாளி.

"என் பழைய ரிம்மு இதே மீன் தண்ணியில ஆறு வருசம் ஓடிச்சி. கறுப்புப் பெயிண்டு அடிச்ச ரிம்மு. நீதான் பளபளன்னு கீது, வெல ஜாஸ்தின்னாலும் ஒழைக்கும்னு இத்த மாட்டி வுட்ட. அந்தப் பழச என் பொண்டாட்டி கோயிக் கூண்டுக்கு மூடியா வெச்சிகீறா. இன்னிக்கும் கோணல."

கடைக்கு வெளியே பஞ்சருக்குக் காத்திருந்த ஒருவர் சிரித்தார். மோசஸ் சிரிக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் திருக்கழுக்குன்றத்து மலையடி இறக்கத்தில், கேரியரில் முழுக் கூடை மீனோடு வரும்போது சக்கரம் அவருக்கடியில் மடங்கிவிட்டது. பின்னால் லாரி. "லாரிக்காரன் பிரேக்க மிதிச்சதால ஒன் வாசல்ல வந்து நின்னு பேசிக்கினுகீறேன். இல்லாட்டி என் பொண்டாட்டிதான் வந்திருப்பா."

முதலாளி குனிந்து சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "அமானுல்லா, உன் நோட்டுல பாரு. யார் கட்டின சக்கரம் இது?"

எந்த சைக்கிளுக்கு எந்த ரிம், எந்தத் தேதி, யார் வேலை செய்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. "பிப்ரவரி ஒன்பது. அருணகிரி" என்று வாசித்தேன். தேவைக்கு மேல் சத்தமாக வாசித்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

"கேட்டியா மோசஸ்? ரிம்மு மேல பழி போடாத. கட்டினவன் ஒயுங்கா இறுக்கல. புதன்கிழமை காலைல ஒம்போது மணிக்கு உங்க ஆளுங்க ரெண்டு பேரக் கூட்டினு வா. ஒன் கண்ணு முன்னாடியே இவன கடைய வுட்டு அனுப்பறேன். பையன் நோட்டு சாட்சி."

அருணகிரி தரையில் குந்தி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. பீடியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளினான். அவ்வளவுதான். அப்போதுதான் மோசஸ் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாத்துக்குடா சிரிக்கற? என் கை ஒடிஞ்சது ஒனக்குச் சிரிப்பா கீதா?" நான் சிரித்துக்கொண்டிருந்தது அவர் சொல்லும் வரை எனக்குத் தெரியாது.

அருணகிரியை நான் வெறுக்கிறேன். இரண்டு வருடமாக அவன் வாயில் என் பெயர் வந்ததில்லை. "காலேஜு" என்பான். பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறிய ஒருவன் சாயந்திரம் வரைபலகையையும் டி-ஸ்குயர் அளவுகோலையும் தூக்கிக்கொண்டு போவது அவனுக்கு தினசரி வேடிக்கை. என் நோட்டைப் பார்த்து, "ரிம்முக்கு ஜாதகம் எழுதறான் பாரு" என்று வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுவான். போன மாதம் மூன்று சாயந்திரம் உட்கார்ந்து நான் வரைந்த சக்கரத்தின் படத்தை எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். "வரைஞ்ச சக்கரம் ஓடாது காலேஜு. கட்டின சக்கரம்தான் ஓடும்" என்றான். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரிக்கும்படியாகத்தான் சொன்னான், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஆகவே நேற்று இந்த டைரியில், "புதன்கிழமைக்குப் பிறகு கடை அமைதியாக இருக்கும்" என்று எழுதினேன்.

இன்று காலை கடை திறந்ததும் சக்கரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாட்சி சொல்ல வேண்டுமே, எண்ணிக்கை சரியாக இருக்கட்டும் என்று. பின்சக்கரத்துக்கு நாற்பது கம்பி. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு சின்ன நிப்பிள் திருகியிருக்கும். அதன் தலை ரிம்மின் துளையில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளும். கட்டினவன் இறுக்காமல் விட்டிருந்தால் கம்பிகள் தளர்ந்து சக்கரம் கோட்டம் விழும், அல்லது கம்பி ஹப் பக்கத்து வளைவில் முறியும். நிப்பிள் மட்டும் துளையை விட்டு வராது. இங்கே பதின்மூன்று நிப்பிள்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வளையம், சட்டைப் பொத்தான் அளவு, பழுப்பாக. முதலில் அழுக்கு என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். அது ரிம்தான். துளையைச் சுற்றியிருந்த இரும்பையே நிப்பிள் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அப்படிப் பிய்யும் அளவுக்கு அந்த இரும்பு மட்கியிருந்திருக்கிறது.

கம்பி இறுக்கமாக இருந்திருந்தால்தான் அப்படிப் பிய்த்துக்கொண்டு வரும். அதாவது அருணகிரி ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறான்.



அந்த ரிம்கள் எங்கிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். கோதண்டராமனின் மச்சினருக்கு மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டி ஒரு கடை இருந்தது. நவம்பர் புயலில் கடல் உள்ளே வந்துவிட்டது. டிசம்பரில் இரண்டு டஜன் ரிம்கள் ஒரு மாட்டுவண்டியில் வந்து இறங்கின. பொட்டலத் தாள்கள் ரிம்மோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. முதலாளி என்னிடம் மண்ணெண்ணெயும் செங்கல்பொடியும் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துடைத்தேன். வெளிப்புறம் முகம் பார்க்கும்படி ஆனது. டயர் உட்காரும் உட்புறத்தைத் துடைக்கவில்லை, பார்க்கவுமில்லை. அங்கே நாடா ஒட்டி மூடிவிடுவோம், யார் பார்க்கப்போகிறார்கள்? கடை நோட்டில் டிசம்பர் பதினாறாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "ரிம் 24. துடைத்தது. நல்ல நிலை." என் கையெழுத்து. 'நல்ல நிலை' என்று எழுதச் சொல்லி முதலாளி கேட்கவில்லை. வரி முழுமையாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனதும் ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். மீதி பதினொரு ரிம்கள் கயிற்றில் கோத்துக் கிடந்தன. இருட்டிலும் மினுங்கின. ஒன்றின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினேன். மீன் செதில் மாதிரி உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. ஐந்து ரிம் பார்த்தேன், ஆறாவதைப் பார்க்கத் தைரியமில்லை. இருபத்துநாலில் பதினொன்று இங்கே, ஒன்று கீழே மடங்கிக் கிடக்கிறது. மற்ற பன்னிரண்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் யார் என்பது என் நோட்டிலேயே இருக்கிறது. பரனூர் துரை, இரண்டு பால் கேன் கட்டுகிறவர். கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குப் போகும் மூன்று பேர். வல்லத்து சம்பூர்ணத்தின் புருஷன், மாசமாக இருக்கும் அவளைக் கேரியரில் உட்காரவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறான்.

இறங்கும்போது ஏணியின் அடியில் அருணகிரி நின்றிருந்தான். என் விரலைப் பார்த்தான். விரல் நுனி செம்மண் தொட்டது மாதிரி இருந்தது.

"இப்பத்தான் கண்ணு தொறந்திச்சா, காலேஜு?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"நிப்பிள் ஒக்காரும்போதே கரகரன்னு சத்தம். பத்து வருசமா கட்டறவனுக்குத் தெரியாதா? மொதலாளிகிட்ட சொன்னேன். நாடாவ ரெண்டு சுத்தா சுத்துன்னாரு. சுத்தினேன்."

"தெரிஞ்சே கட்டினீங்களா?"

"தெரியாம நீ துடைச்ச. தெரிஞ்சி நான் கட்டினேன். தெரிஞ்சி அவரு வித்தாரு. இதுல யார்டா யோக்கியன்?" பீடியை எடுத்துக் காலடியில் நசுக்கினான். "நாளைக்கு வாயத் தொறக்காத. அவ்ளோதான் ஒனக்கு."

அவனுக்காகப் பேச வேண்டுமே என்று மனசுக்குள் கசந்துகொண்டே ஏணியில் இறங்கியவன் நான். "நான் சொல்லாட்டி ஒங்க வேலதானே போவும்?" என்றேன்.

"போவட்டும். ஒரு சக்கரத்துல கை தவறிட்டான்னு சொல்லுவான். எந்த பிட்டருக்குக் கை தவறல? மதுராந்தகத்துலயோ கேளம்பாக்கத்துலயோ போய் ஒக்காந்துக்குவேன். மக்கின ரிம்முன்னு தெரிஞ்சே கட்டி, ஒருத்தன் கைய ஒடிச்சான்னு நீ சொல்லிட்டா எவன்டா எனக்குக் கடையில எடம் குடுப்பான்? அதுவும் இல்லாம அந்த மீன்காரன் சொம்மா வுடுவானா?" கொஞ்சம் கிட்டே வந்தான். மண்ணெண்ணெய் வாடை. "நல்லவன் ஆவறேன்னு என் சோத்துல மண்ணள்ளிப் போடாத. இன்னா?"

போகும்போது என் நோட்டை மேஜையிலிருந்து எடுத்து, திறக்காமல், ஒருமுறை எடை பார்ப்பதுபோலத் தூக்கிவிட்டு வைத்தான்.

இதில் நான் என்னையே நம்ப முடியாத இடம் ஒன்று இருக்கிறது. நேற்று நான் நோட்டை வாசித்தது அவனுக்குக் கெடுதல். சத்தமாக வாசித்தேன், சந்தோஷமாக இருந்தது. இன்று நான் பேசினால் அவனுக்கு அதைவிடக் கெடுதல். இன்று பேச வேண்டும் என்று தோன்றுகிறது. பன்னிரண்டு பேருக்காகத் தோன்றுகிறதா, கிரீஸ் துடைத்த அந்தத் தாளுக்காகத் தோன்றுகிறதா? மத்தியானத்திலிருந்து யோசித்தேன். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. துரையின் பால் கேன்களை நினைத்தால் உடனே பின்னாலேயே அருணகிரியின் முகமும் வருகிறது. ஒன்று மட்டும் தெரிகிறது. பேசினால் முதலில் வாசிக்கப்படப்போவது என் டிசம்பர் பதினாறுதான். மோசஸின் ஆட்கள் நோட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். 'நல்ல நிலை' என்று எழுதினவன் யார் என்று கேட்பார்கள். என்னை அங்கேயே அடிக்கக்கூடும். வேலையும் போகும், வகுப்புக்குக் கட்ட வழியும் போகும். ஆனாலும் இதை எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. என் பெயரும் அதில் அடிபடுகிறது என்றால் வெறுப்பினால் மட்டும் சொன்னதாக ஆகாது இல்லையா? இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமாக இருக்கலாம். தவறென்றால் நாளைக்குத் திருத்தி எழுத வேண்டும்.

வாயால் சொன்னால் முதலாளி மறுப்பார், அருணகிரியும் அவரோடு சேர்ந்து மறுப்பான். இருவர் சொல்லுக்கு முன்னால் என் சொல் நிற்காது. இந்த வாரம் வகுப்பில் குறுக்குவெட்டுத் தோற்றம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு பொருளை நடுவில் அறுத்தால் உள்ளே எப்படித் தெரியுமோ அப்படி. மற்றவர்கள் குழாய், நட்டு என்று எடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் பொருள் எழுதிக் கொடுக்கவில்லை.

மணி ஐந்து ஐம்பது. உள்ளே விளக்குப் போட்டுவிட்டார்கள்.

டிசம்பர் பதினாறுக்குத் திருத்தம்: ரிம் 24. வெளியே துடைத்தது. உள்ளே பார்க்கவில்லை.

நாளை: கடையிலிருக்கும், இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு பல் போனது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து இரும்புக் கடை எட்டு மணிக்குத் திறக்கும், புதுசு ஒன்று வாங்க வேண்டும். எட்டரைக்குப் பரணிலிருந்து ஒரு ரிம்மை இறக்கி வைஸ் இடுக்கியில் மாட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு மோசஸ் வந்ததும், வாசலில், எல்லோரும் பார்க்க, ஒரு துளைக்கு நடுவாக அறுத்து, உள்ளே மட்கியிருப்பதைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு பெயர்களைத் தனித்தாளில் எழுதி எடுத்துப்போக வேண்டும்.